உதவி கேட்கச் சொன்னவர்

வெண்டல் பிகெட்டுக்கு உருவம் பெரிது. குரல் அதைவிடப் பெரிது. அமெரிக்காவில் கறுப்பர்கள் நிறைந்த கேரி நகரத்து இரும்பாலையில் உலை வெக்கையில் நின்ற அப்பாவிடமிருந்து இரண்டும் வந்தன. மீசை அரும்புவதற்கு முன்பே பையன் அப்பாவின் தோளைத் தாண்டிவிட்டான். மற்ற அம்மாக்கள் பிள்ளை வளர்வதைப் பார்த்துப் பூரிப்பார்கள். அவன் அம்மா எர்லீனுக்கோ பயம்தான் வளர்ந்தது. அவன் கடைக்குப் புறப்பட்டால் வாசல்வரை பின்னாலேயே வருவாள்.

"கையை பாக்கெட்ல விடாத. ஓடாத. யாராவது ஏதாவது கேட்டா மெதுவா பதில் சொல்லு. உன் உடம்பே பாதி கத்துது, வாய் வேற கத்தணுமா?"

மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டான். மாதாகோயிலில் பாடும்போது மட்டும் அவள் தடுக்க மாட்டாள்.

பள்ளி முடிந்ததும் கால்டர்வில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கேரியிலிருந்து தெற்கே போகப் போக முகங்கள் வெளுத்துக்கொண்டே போகும். கால்டர்வில் வந்து சேரும்போது சோளக்காடும் வெள்ளைக்காரர்களும்தான் மிச்சம். வகுப்பில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி கடைசியில்தான் நிரம்பும். அதெல்லாம் பழகிய விஷயம். பழகாத ஒன்று இரண்டாம் வருடத்தில் நடந்தது. அவனுடைய அண்ணன் லூஷியஸ் இறந்துபோனான். சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது மூச்சிரைப்பு வந்து, இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மேற்பார்வையாளன் சொல்ல, அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டான்.

அடக்கம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியவனுக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. படிக்க உட்கார்ந்தால் தானே மூச்சு முட்டுவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். விடுதி அறிவிப்புப் பலகையில் 'மனம் சோர்ந்தால் எங்களிடம் வாருங்கள்' என்று ஒட்டியிருந்தார்கள். போனான்.

அங்கே இருந்த அம்மையார் பார்க்கச் சாந்தமானவர். அண்ணன் செத்துப்போனதைச் சொன்னதும் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க அண்ணன் ஏதாவது கும்பல்ல இருந்தாரா?"

"மேடம், அவனுக்கு ஆஸ்துமா."

"நீங்க பாதுகாப்பா உணர்ந்தா உண்மையைச் சொல்லலாம். இந்த அறையை விட்டு வெளியே போகாது."

வெண்டல் எழுந்துவிட்டான். யாரையும் ஒன்றும் செய்யவில்லை. சுவரோரம் இப்படியும் அப்படியுமாக நடந்தான். "ஆஸ்துமா மேடம், ஆஸ்துமா" என்று அவன் சொன்னது அவனையும் மீறிச் சற்று உரக்க வந்துவிட்டது. அந்த அம்மாளின் கை மேஜைக்கு அடியில் இருந்த அவசர மணிப் பொத்தானுக்குப் போனதை அவன் கவனிக்கவில்லை. கதவு திறந்தது; வளாகக் காவலர்கள் இருவர் நின்றார்கள். அன்று மாலை முழுக்க நடைபாதை விளிம்பில் உட்கார வைத்து, அவன் யார், எந்த ஊர், போதை ஏதாவது எடுத்திருக்கிறானா என்று மாற்றி மாற்றி விசாரித்தார்கள். போகிற வருகிற மாணவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் இருக்கும் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. எப்படியோ பட்டம் வாங்கினான். சிகாகோவில் மேலே படித்தான். மனநல ஆலோசகராக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தான். நாடீனைக் கல்யாணம் செய்துகொண்டான். ஏன் இந்தப் படிப்பு என்று யாராவது கேட்டால், "கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி பதிலைக் காதுல வாங்கிக்கற ஆளு ஒருத்தராவது வேணும்ல" என்பான்.

இருபது வருடம் போல ஓடிவிட்டது. வெண்டலுக்குத் தாடி நரைத்தது. அப்போதுதான் கால்டர்வில்லில் கறுப்பு மாணவர்கள் துணைவேந்தர் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு எங்களைப் புரிந்த ஒரு ஆலோசகர் வேண்டும், இருக்கிறவர்களிடம் போனால் நாங்கள் நோயாளியா குற்றவாளியா என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்றார்கள். பத்திரிகையில் படம் வந்தது. பல்கலைக்கழகம் அவசர அவசரமாக ஆள் தேடியது. சிகாகோவில் இருந்த வெண்டலுக்குத் தகவல் வந்தது.

நாடீனுக்குத் துளியும் இஷ்டமில்லை. "உன்னை அடிச்சு விரட்டின வீட்டுக்கே சமையல் செய்யப் போறியா?"

"அன்னைக்கு நான் உக்காந்த நாற்காலியில இன்னைக்கு வேற ஒருத்தன் உக்காந்திருப்பான், நாடீன். எதிர் நாற்காலியிலயாவது ஆள் மாறட்டும்."

"மாத்துவாங்க. போட்டோ எடுத்து முடியற வரைக்கும்."

வெண்டல் போய்ச் சேர்ந்தார். மையத்தின் இயக்குநர் டாக்டர் ஹோல்ம் கதவுவரை வந்து வரவேற்றார். கழுத்து வலிக்கிற அளவுக்குப் படம் எடுத்தார்கள். ஆனால் அவருடைய அறைக்கு ஒரு பையன்கூட வரவில்லை. அந்த வராந்தாவில் நடப்பதே அவமானம் என்று நினைத்தார்கள் போலும். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு வெண்டல் அறையைப் பூட்டிக்கொண்டு உணவுக்கூடத்துக்குப் போனார். மூலை மேஜையில் கறுப்புப் பையன்கள் ஸ்பேட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டிரண்டு பேர் ஜோடி சேர்ந்து ஆடும் சீட்டு அது. சீட்டைவிட வாய்ச்சவடால்தான் அதில் முக்கியம்.

"இங்க ஒரு ஆள் குறையுதா?" என்றார்.

கீனன் என்கிற பொடியன் ஏற இறங்கப் பார்த்தான். "சித்தப்பா, இது பெரியவங்க ஆட்டம் இல்ல. தோத்துட்டு முட்டி வலிக்குதுன்னு சொல்லக்கூடாது."

"எங்க ஊர்ல உன்னை மாதிரி சீட்டைப் பிடிக்கறவனுக்கு வீட்ல சோறு போட மாட்டாங்கடா. நகரு."

அன்றைக்கு அவர் கீனனைத் துவைத்துக் காயப்போட்டார். அன்றிலிருந்து 'சித்தப்பா' என்கிற பெயர் ஒட்டிக்கொண்டது. விடுதியின் கீழ்த்தளத்தில், சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை இருந்தது. வியாழன்தோறும் மதியம் வகுப்பு முடிந்ததும் அங்கே கூடினார்கள். துணி உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. முதலில் சீட்டு, அப்புறம் சிரிப்பு, அப்புறம் யாராவது ஒருவன் ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பான். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். அறைத்தோழன் தினமும் பணப்பையைப் பூட்டி வைக்கிறான் என்பான். சொல்லிவிட்டு, "சும்மா சொன்னேன், ஒண்ணுமில்ல" என்று எல்லாரும் ஒரே மாதிரி முடிப்பார்கள். வெண்டல் விடமாட்டார். "ஒண்ணுமில்லாததுக்கா உன் கால் இப்படி ஆடுது?"

ட்ரெவியன் மோஸ்லி பேசவே மாட்டான். கேரிப் பையன்தான். பொறியியல் மாணவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கி வைக்கிற சாக்கில் ஒருநாள் தங்கினான்.

"மிஸ்டர் பிகெட், உங்க ரூமுக்கு வந்தா அது எங்கயாவது பதிவாகுமா? நாளைக்கு வேலைக்குப் போகும்போது எடுத்துக் காட்டுவாங்களா?"

"காட்ட மாட்டாங்க. என்ன விஷயம்?"

"லேப் வாசல்ல தினமும் என் அடையாள அட்டையைக் கேக்கறாரு புரொபசர். என்னை மட்டும். கூட இருக்கற பசங்க மெஷினைத் தொட விட மாட்டாங்க. நீ எழுதிக்கோ, நாங்க செய்யறோம்கறாங்க. நான் ஏதாவது சொன்னா காதுல விழாது. அதையே அவனுங்கள்ல ஒருத்தன் சொன்னா ஆஹாங்கறாங்க. இப்ப லேப் கதவைப் பாத்தாலே நெஞ்சு அடிச்சுக்குது. போன வாரம் பாத்ரூம்ல உக்காந்துட்டு அப்படியே திரும்பிட்டேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டறாங்க. எனக்காகவே ஓட்டறாங்க. சொன்னா ஜெபம் பண்ணுடாம்பாங்க. பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"பல்லு வலிச்சா ஜெபம் பண்ணிக்கிட்டேதானே பல் டாக்டர்கிட்டயும் போறோம்? வா."

வந்தான். வாராவாரம் வந்தான். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. லேபுக்குள் நுழைந்து முழு நேரமும் இருந்துவிட்டு வந்ததாக ஒருநாள் சொன்னபோது, வெண்டல் தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டார். பக்கத்து அறை ஆள் எட்டிப் பார்த்தார்.

பக்கத்து அறை கிரெக்கும் ஒரு ஆலோசகர்தான். நல்லவர். மையத்தில் எல்லாருக்கும் ஒரு பிற்பகல் 'பண்பாட்டுப் பயிற்சி' நடத்தினார்கள், சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். மறுநாள் முதல் கிரெக் எந்தக் கறுப்புப் பையனைப் பார்த்தாலும் முஷ்டியை நீட்டி, "எப்படி இருக்க, பிரதர்!" என்றார்.

"சித்தப்பா, என் சொந்த அண்ணனே என்னை இவ்வளவு பாசமா கூப்பிட்டதில்ல. இந்த ஆளுக்கு உடம்புக்கு எதுவும் இல்லயே?" என்றான் கீனன்.

சிரித்தார்கள். சிரிக்க முடிந்த நாட்கள் அவை.

பிறகு காற்று திசை மாறியது. யாரோ ஒரு மாணவனின் அப்பா புகார் கொடுத்தாராம்: வரி கட்டுகிற எங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு நிறத்துக்கு மட்டும் தனிக் கூட்டம் எதற்கு? பல்கலைக்கழகத்தின் மேலிடத்துக்கும் அப்போது அப்படி ஒரு சாக்குதான் தேவைப்பட்டது. டாக்டர் ஹோல்ம் வெண்டலை அழைத்தார்.

"வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லல, வெண்டல். பேரை மட்டும் மாத்தறோம். 'மாணவர் நலக் குழு'. எல்லாரும் வரலாம். கிரெக்கும் வந்து உக்காருவாரு. ஒரு சாட்சிக்கு."

"சாட்சியா? என்ன குற்றம் நடக்குது அங்க?"

"வார்த்தையைப் பிடிச்சுக்காதீங்க."

அடுத்த வியாழன் கிரெக் வந்தார், மடியில் குறிப்பேட்டோடு. பையன்கள் சீட்டைக் கலைத்தார்கள், விளையாட்டுப் பற்றியும் மழை பற்றியும் பேசினார்கள், போனார்கள். அதற்கு அடுத்த வாரம் கீனன் மட்டும் வந்தான். அதற்கு அடுத்த வாரம் இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

தனிச் சந்திப்புகளுக்கும் புது வரம்பு வந்தது. ஒரு பருவத்துக்கு ஒரு மாணவனுக்கு இத்தனை முறைதான். அதற்கு மேல் தேவைப்பட்டால், பல்கலைக்கழகம் ஒப்பந்தம் செய்திருக்கும் தொலைபேசிச் சேவை. ட்ரெவியனின் கணக்கு தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் கொடுங்கள், இப்போதுதான் அவன் நிமிர்கிறான் என்று வெண்டல் மன்றாடினார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே, வெண்டல்" என்றார் டாக்டர் ஹோல்ம், உண்மையாகவே வருந்துகிற முகத்தோடு.

ட்ரெவியனுக்குத் தொலைபேசிச் சேவையில் நம்பிக்கையில்லை. "முகம் தெரியாதவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது?"

"அப்படி விட்டுடாதடா. பாதிக் கிணறு தாண்டியிருக்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. எதையும் மறைக்காத. மறைச்சா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

"சரி. நீங்க சொல்றதால பேசறேன்."

பேசினான். கைபேசித் திரையில் வந்த ஆலோசகர் எங்கோ தூரத்து மாநிலத்துப் பெண். லேப் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறார். அந்த வாரம்தான் அவன் வரைந்த வரைபடத்தைக் கூட்டாளிகள் தங்கள் பெயரில் கொடுத்திருந்தார்கள். எதையும் மறைக்காமல் சொன்னான்.

"அந்த லேபுக்குள்ள கால் வெச்சாலே நான் செத்தேன் மேடம். ஒருநாள் இல்ல ஒருநாள் அவனுங்களைக் கொன்னுடுவேன் போல."

கேரியில் எந்த அம்மாவும் பிள்ளையைப் பார்த்து ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "உன்னைக் கொல்லப் போறேன்" என்று சொல்லாமல் சோறு போட்டதில்லை. திரையில் இருந்த பெண்ணுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள இன்னொரு கேள்விகூடக் கேட்கவில்லை. நன்றி சொல்லி உரையாடலை முடித்தார். இவனால் மற்றவர்களுக்கும் ஆபத்து, இவனுக்கும் ஆபத்து என்று பல்கலைக்கழகத்துக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் மதியம், உணவுக்கூடம் நிரம்பி வழிகிற நேரம். கீனனிடமிருந்து வெண்டலுக்கு அழைப்பு வந்தது: "சித்தப்பா, சீக்கிரம் வாங்க, ட்ரெவியனைப் பிடிக்கறாங்க!" நாற்காலியில் தொங்கிய கோட்டைக்கூட எடுக்காமல் கிளம்பினார். ஓடவில்லை. இந்த ஊரில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது எலும்பில் ஊறிப்போயிருந்தது. வேகமாக நடந்தார்.

ட்ரெவியனின் தட்டில் பொரித்த கோழி அப்படியே இருந்தது. வளாகக் காவலர்கள் அவன் கைகளைப் பின்னால் வளைத்து விலங்கு மாட்டியிருந்தார்கள். சுற்றிலும் கைபேசிகள் உயர்ந்திருந்தன.

"நான் அவனோட ஆலோசகர்" என்றார் வெண்டல்.

"அட்டை எங்கே?" என்றான் காவலன்.

அட்டை கோட்டில் இருந்தது. "என் அறையில. பேர் வெண்டல் பிகெட். இந்தப் பையனை எனக்குத் தெரியும். அவன் சொன்னது கோபத்துல வர்ற பேச்சு. தயவுசெஞ்சு விலங்கைக் கழட்டுங்க, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றேன்."

"தள்ளி நில்லுங்க."

"ஐயா, தயவுசெஞ்சு..."

"தள்ளி நில்லுங்கன்னு சொன்னேன்."

ட்ரெவியன் அவரையே பார்த்தான். "சித்தப்பா, சொல்லுங்க அவங்ககிட்ட. நான் யாரையும் ஒண்ணும் பண்ணல. சொல்லுங்க!"

வெண்டல் சொன்னார். மிக மரியாதையாக, மிக மெதுவாக, கைகள் இரண்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். அந்தக் கூடத்தில் அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. கீனன்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கார் கதவு சாத்தப்பட்டது.

சட்டப்படி மூன்று நாள் மனநல வார்டில் வைத்திருந்தார்கள். அபாயம் எதுவும் இல்லை என்று மருத்துவர்களே சொல்லி அனுப்பினார்கள். ஆனால் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த கல்வியாண்டில் மனநலத் தகுதிச் சான்றோடு விண்ணப்பிக்கலாம் என்றது. அம்மா வனெட்டா வந்து அறையைக் காலி செய்தாள். பெட்டியைத் தூக்க வெண்டல் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நீங்கதான் அந்தச் சித்தப்பாவா?"

"ஆமாம்மா."

"என் மவன் வாயைத் திறக்காத பிள்ளை. சின்ன வயசுல இருந்தே நான் அப்படித்தான் வளர்த்தேன். வெள்ளைக்காரன் முன்னாடி மனசுல இருக்கறதைச் சொல்லாதன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அது தப்புன்னு நீங்க சொன்னீங்களாமே?"

வெண்டல் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"உதவி கேளு, மறைக்காம சொல்லுன்னு சொன்னது நீங்கதானே? கேட்டான். சொன்னான். கைல விலங்கு மாட்டினாங்க." பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீங்க கெட்டவருன்னு நான் சொல்லல. உங்க பேச்சைக் கேட்டதாலதான் அவன் கெட்டான்னு சொல்றேன்."

ட்ரெவியன் காரில் உட்கார்ந்திருந்தான். வெண்டல் ஜன்னல் பக்கம் குனிந்தார். அவன் திரும்பவில்லை. "நீங்க அவ்வளவு மெதுவா பேசினீங்க" என்று மட்டும் சொன்னான்.

விசாரணை நடந்தது. நடைமுறைகள் அனைத்தும் பின்பற்றப்பட்டன என்று முடித்தார்கள். அதை வாசித்த கூட்டத்தில் வெண்டல் எழுந்தார். அம்மா சொல்லிக்கொடுத்தது, வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்தது, எல்லாம் அன்று அறுந்து போயிற்று.

"எந்த நடைமுறை? ஒருத்தன் நெஞ்சு வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்தா அவன் நெஞ்சுல துப்பாக்கி இருக்கான்னு தடவிப் பாக்கறதா உங்க நடைமுறை? அன்னைக்கு எனக்குச் செஞ்சீங்க. இன்னைக்கு அவனுக்கு. இடையில இருபது வருஷம் பயிற்சி வகுப்பு நடத்தி என்னத்தைக் கத்துக்கிட்டீங்க? முஷ்டி நீட்டவா?"

கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கிரெக் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். டாக்டர் ஹோல்மின் கை கைபேசியைத் தேடியது.

"வெண்டல், நீங்க இப்ப எங்களைப் பயமுறுத்தறீங்க" என்றார்.

வெண்டல் உட்கார்ந்தார். அந்த மாதமே விலகினார். விடைகொடுக்க கேக் வெட்டினார்கள். கேக் துண்டைக் கையில் கொடுத்துக்கொண்டே டாக்டர் ஹோல்ம் கேட்டார்: "உங்களை மாதிரி வேற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்களேன். மாணவர்களுக்கு ரொம்பத் தேவைப்படுது." கறிவேப்பிலைக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

வெண்டலும் நாடீனும் கேரிக்கே திரும்பினார்கள். டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தார். கீனன் சொல்லி கால்டர்வில் பையன்கள் சிலர் பேருந்து ஏறி வந்தார்கள். மற்ற ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்குத் தம் ஊரில் யாராவது நல்ல ஆலோசகர் கிடைப்பாரா என்று தேடித்தருவதே அவருக்குப் பாதி வேலையாயிற்று. கறுப்பு ஆலோசகர் இருந்தால் காத்திருப்போர் வரிசை தெருமுனைவரை இருக்கும். மற்றவர்களிடம் அனுப்பும்போது உட்காரவைத்துச் சொல்லித்தருவார்: 'செத்தேன்' என்று சொல்லாதே. 'கொல்லுவேன்' என்று சொல்லாதே, சிரித்துக்கொண்டேகூடச் சொல்லாதே. எழுந்து நடக்காதே. கையை மேஜைமேல் வை.

ஒருநாள் நாடீன் சாப்பாடு கொண்டு வந்தவள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பையன் போனதும் சொன்னாள். "மனசைத் திறக்கப் போறவனுக்கு எங்கெங்க பூட்டு போடணும்னு சொல்லிக் குடுக்கற."

"வேற என்ன செய்யச் சொல்ற?"

அவள் கீரையையும் மீனையும் தட்டில் வைத்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.

ட்ரெவியன் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. வெண்டல் அழைத்தால் எடுப்பதில்லை. குளிர் முடிகிற சமயம் ஒரு மதியம் மளிகைக் கடையில் எதிரே வந்தான். கிடங்குச் சீருடையில், கூட வேலை பார்க்கிற ஒருவனோடு. உடம்பு இளைத்திருந்தது. நழுவிப் போக வழியில்லாமல் நின்றான்.

"இவர் யாரு?" என்றான் கூட வந்தவன்.

"நான் முன்னாடி படிச்ச காலேஜ்ல வேலை பாத்தவரு."

கூட்டாளி ரொட்டி எடுக்க நகர்ந்தான். வெண்டல் ட்ரெவியனின் கண்களுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார்.

"தூக்கம் எப்படி இருக்கு, ட்ரெவியன்?"

"ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்கறேன்."

"நான் அதைக் கேக்கல."

"தெரியும் மிஸ்டர் பிகெட்" என்றான் அவன். சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.